பாலத்தில் விழுந்த பதினொன்று

குராமொச்சி தன் விளையாட்டை உருவாக்க நான்கு வருஷம் எடுத்துக்கொண்டான். விதிப் புத்தகம் மட்டும் தொண்ணூற்றாறு பக்கம். ஈரக் கயிற்றில் ஏறுகிறவன் பகடையில் எத்தனை விழுந்தால் வழுக்குவான், காய்ந்த கயிற்றில் ஏறுகிறவன் எத்தனைக்கு வழுக்குவான் என்று தனித்தனியாக அட்டவணை போட்டு வைத்திருந்தான். இதை யாரும் அவனிடம் கேட்கவில்லை. விதி சுத்தமாக இருந்தால் ஜனங்கள் தானாக வருவார்கள் என்பது அவன் நம்பிக்கை. 'சாம்பல் மலை' என்று பெயர் வைத்து, பெட்டியில் போட்டு, 1986இல் கடைகளுக்கு அனுப்பினார்கள். வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் மறுநாளே திரும்பி வந்தார்கள். பெட்டிக்குள் பலகையும் இல்லை, காய்களும் இல்லை, ஏதோ பாதியில் விட்டுப் போயிருக்கிறது என்று புகார்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இது பலகை இல்லாத ஆட்டம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். வழியில் ஆறு வருகிறது, பாலம் வருகிறது, பாம்பு வருகிறது என்று சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, நான் ஓடுகிறேன், நான் எதிர்த்து நிற்கிறேன் என்று வாயால் ஆடுவார்கள். சொன்னது பலித்ததா என்பதை இரண்டு பகடைகள் முடிவு செய்யும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் எழுதி விளக்கினால் ஒருவருக்கும் பிடிபடாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். ஜப்பான் முழுக்க எத்தனை வீட்டில் போய்ப் பக்கத்தில் உட்காருவது?

அதற்கு வழி கண்டுபிடித்தவர் தோகாஷி. கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கென்று டோக்கியோவில் வந்துகொண்டிருந்த ஒரு மாதப் பத்திரிகைக்கு ஆசிரியர். நாலு பெரிய மனிதர்களை ஒரு மேசையில் உட்கார வைத்துப் பேசவிட்டு, அந்தப் பேச்சை நடுநடுவே "(சிரிப்பு)" என்று கூடப் போட்டு அப்படியே அச்சடிப்பது ஜப்பானியப் பத்திரிகைகளின் பழைய வழக்கம். மந்திரிகளின் பேச்சைப் போடுகிறோமே, பாம்போடு சண்டை போடுகிறவர்களின் பேச்சைப் போட்டால் என்ன என்று கேட்டார். குராமொச்சிக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. விதிகளைப் பற்றி ஒரு நல்ல தொடர் கட்டுரை எழுதித் தருகிறேன் என்றான். தோகாஷி கொட்டாவி விட்டார்.

சனிக்கிழமை மதியங்களில் பத்திரிகை ஆபீஸின் கூட்ட அறையில் ஆடினார்கள். நடத்துகிறவன் குராமொச்சி. ஆடுகிறவர்கள் மூன்று பேர்: அவனோடு கல்லூரியில் படித்த நித்தா, ஹோசாகா, அப்புறம் உசாமி என்ற பெண். உசாமிக்கு இருபத்தொன்பது வயது. சுகாமோவில் பொய்ப்பல் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை. யார் பேசினாலும் தலையாட்டுவாளே தவிர வாயில் கொழுக்கட்டைதான். மேசைக்கு வந்துவிட்டால் மட்டும் அவளே வேறு ஆள். அவளுடைய பாத்திரம் மிரெல் என்ற திருட்டுப்பெண். அந்த மிரெல் வாய் ஓயாமல் பேசுவாள், ராஜாவையே 'வாய்யா' என்பாள், எதற்கும் முதல் ஆளாக நிற்பாள். நித்தா ஒருநாள், மிரெலைக் கொஞ்சம் வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லி உசாமியிடம் கெஞ்சினான்.

கேசட்டில் பதிவானதைக் காகிதத்தில் இறக்கும் வேலை இசோபே அம்மாளிடம் போனது. மாகாண சபையில் இருபது வருஷம் சுருக்கெழுத்து எழுதியவர். உறுப்பினர் தும்மினால் தும்மலையும் குறித்துக்கொண்ட கை அது. இந்த ஆட்டம் என்னவென்று அவருக்குச் சொல்ல எல்லோரும் மறந்துபோனார்கள். முதல் கேசட்டை முடித்துவிட்டு ஆபீசுக்குப் போன் செய்தார்: மிரெல் என்கிற அம்மையார் கூட்டத்துக்கு வந்ததாகத் தெரிகிறது, ஆனால் அவர் குரல் எங்கும் பதிவாகவில்லை, என்ன செய்ய?

முதல் மூன்று மாதம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்தவர்கள் படித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், பெட்டி கடையில் தூசி படிந்து கிடந்தது. நாலாவது கேசட்டில்தான் பாலம் வந்தது.

தொங்கு பாலம். பின்னால் மலைப்பாம்பு துரத்துகிறது. மூன்று பேரும் ஒன்றாக ஓடினால் மூன்று பேரும் காலி. உசாமி நிமிர்ந்து உட்கார்ந்து, "நீங்க ரெண்டு பேரும் போங்க, மிரெல் இங்கயே நிக்கறா" என்றாள். நித்தா செம்பே என்ற அரிசி வில்லையைக் கடிப்பதை நிறுத்தினான். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் பாம்பு அடித்து மிரெல் செத்தாள் என்று அர்த்தம். நடத்துகிறவன் தனக்கு முன்னால் ஒரு அட்டைத் தடுப்பை நிறுத்தி, அதற்குப் பின்னால்தான் பகடை உருட்டுவான், மற்றவர்களுக்குத் தெரியாது. குராமொச்சி உருட்டினான். ஒரு ஐந்து, ஒரு ஆறு. தன்னை அறியாமல் மூச்சுக்குள் "பதினொண்ணு" என்றான். உசாமி இரண்டு கையையும் மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பகடைகளை வாரிக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னான்: "நாலு. அடி சறுக்கிப் போச்சு. மிரெல் பொழைச்சுட்டா."

தொண்ணூற்றாறு பக்கம் விதி எழுதிய மனுஷன் செய்த காரியம் இது.

ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது உசாமி வழக்கத்துக்கு மாறாகப் பேசினாள். "ஆறு வயசுல எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணினாங்க. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல பந்தாட்டம்னா, என் பக்கம் வர்றப்ப மட்டும் பந்தை மெதுவாத்தான் போடுவாங்க. வேலைக்குப் போன இடத்துலயும் அதே கதைதான். இன்னிக்குத்தான் யாரும் எனக்காக மெதுவா போடல. இல்லையா, குராமொச்சி சான்?"

"ஆமா," என்றான் குராமொச்சி. அன்று சொன்ன இரண்டு பொய்களில் இதுதான் பெரியது என்று அவனுக்கு அப்போதே தெரியும்.

குட்டு வெளிப்பட்டது கேசட்டால். மேசையின் அந்தப் பக்கம் முழுக்கச் செம்பே தட்டும் பார்லி டீயும் அடைத்துக்கொண்டிருந்ததால், பதிவுக் கருவியைத் தடுப்புக்கு இந்தப் பக்கம், குராமொச்சியின் முழங்கை அருகில் வைத்திருந்தார்கள். இசோபே அம்மாள் கேட்டதை எழுதினார். 'குராமொச்சி: (தாழ்ந்த குரலில்) பதினொண்ணு. (பகடை எடுக்கும் சத்தம்) (உரத்த குரலில்) நாலு.' அச்சுக்குப் போகும் முன் படித்துத் திருத்த வேண்டியவன் குராமொச்சியேதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தான். அதே பக்கத்தில், ஹோசாகாவின் கோடரி செய்த காயம் ஏழு என்று இருந்தது, விதிப்படி எட்டு வர வேண்டும் என்று சிவப்புப் பேனாவால் திருத்தினான். அதற்கு இரண்டு வரி மேலே இருந்த தன் பொய் அவன் கண்ணில் படவில்லை. விதி எழுதுகிறவனுக்கு எண் தப்பாக இருந்தால்தான் கண்ணில் படும். பதினொன்றும் சரியான எண், நாலும் சரியான எண்.

பத்திரிகை வெளிவந்த பத்தாம் நாள் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. அதுவரை மாதத்துக்கு ஏழெட்டு வரும், அதில் இரண்டு விதியில் பிழை கண்டுபிடித்தவை. இப்போது ஒருவர்கூட விதியைப் பற்றி எழுதவில்லை. ஏன் பொய் சொன்னார் என்று கேட்டார்கள். சொன்னது சரி என்று ஒரு வகுப்பும், தப்பு என்று பக்கத்து வகுப்பும் சண்டை போட்டுக்கொண்டதாக ஒரு ஆசிரியை எழுதினார். முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர், கம்ப்யூட்டரையே தொட்டதில்லை, வாடிக்கையாளர் விட்டுப்போன பத்திரிகையில் படித்தேன், மிரெல் சௌக்கியமா என்று விசாரித்திருந்தார். அகிதாவிலிருந்து ஒரு பள்ளி மாணவி நாலே வரி எழுதியிருந்தாள். 'எங்கள் வகுப்பில் எனக்காக நாலு என்று சொல்ல யாரும் இல்லை. இந்த விளையாட்டு எந்தக் கடையில் கிடைக்கும்?'

தோகாஷி அந்தக் கடிதத்தைக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் முறை படித்தார். அந்த இதழை மறுபடி அச்சடித்தார்கள். ஒரு தினசரி தன் முதல் பக்கப் பத்தியில் பாலத்தைப் பற்றி எழுதியது. பொம்மைக் கடைகளில் 'சாம்பல் மலை இருப்பில் இல்லை' என்று கையால் எழுதி ஒட்டினார்கள். பலகை எங்கே, காய் எங்கே என்று இப்போது யாரும் கேட்கவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று படித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. குராமொச்சி நான்கு வருஷம் கதவைத் தட்டிய இடத்தில், அவன் வெட்கப்பட்ட ஒரு முணுமுணுப்பு கதவைத் திறந்துவிட்டது. கயிற்று அட்டவணை பற்றி இன்றுவரை ஒருவரும் எழுதவில்லை.

உசாமியிடமிருந்தும் ஒரு உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. மிரெலின் தாள் மட்டும் இருந்தது. அவளுடைய பலம், வேகம், வாங்கிய காயங்கள் எல்லாம் பென்சிலில் எழுதி எழுதி அழித்து மெலிந்துபோன தாள். சனிக்கிழமை அவள் நாற்காலி காலியாக இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. குராமொச்சி போன் செய்தால் பட்டறைக்காரர் எடுத்து, அந்தப் பெண் வேலையாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னார். நித்தா, ஊரே உன்னைத் தலையில் வைத்து ஆடுகிறது, உன் முகத்தில் மட்டும் ஏன் ஈயாடவில்லை என்று கேட்டான். எத்தனை ஆயிரம் பேர் படித்தாலும், அவள் திரும்பி வந்து அந்த நாற்காலியில் உட்காரப் போவதில்லை என்றால் இந்த ஆட்டம் தனக்கு எதற்கு என்று குராமொச்சிக்குத் தோன்றியது. அவன் அவளைக் காதலித்தானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. நடத்துகிறவன் சொல்வதை இவ்வளவு நம்பிக் கேட்ட இன்னொரு ஆள் அவனுக்கு இருந்ததில்லை, அது தெரியும்.

இதற்கு நடுவில் தோகாஷி ஒரு பெரிய ஏற்பாட்டில் இறங்கினார். இகெபுகுரோவில் ஒரு பல்பொருள் அங்காடியின் எட்டாவது மாடி அரங்கம். அறுநூறு வாசகர்கள். மேடையில் மேசை போட்டு, எல்லோரும் பார்க்க ஆட வேண்டும். இதுவரை வந்த ஆட்டங்களைத் தொகுத்து, அட்டையில் மிரெலின் படம் போட்டு ஒரு புத்தகமும் அன்றைக்கே. மிரெல் இல்லாத மேடைக்கு யார் வருவார்கள்? நீயே நேரில் போய் அழைத்து வா என்று குராமொச்சியைத் துரத்தினார்.

பட்டறையில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு உசாமி ஒரு கீழ்வரிசைப் பல்லைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தோகாஷி சான் அனுப்பினாரா?"

"அவரும் அனுப்பினாரு. நானாவும் வந்தேன்."

"எதுக்கு நாலுன்னு சொன்னீங்க?"

வழி முழுக்க அவன் பதில் தயார் பண்ணி வைத்திருந்தான். கதைக்கு நல்லது, ஆட்டத்தின் ஓட்டம், நடத்துகிறவனின் உரிமை என்றெல்லாம். வாயில் வந்தது வேறு. "மிரெல் செத்துட்டா அடுத்த வாரம் நீங்க வரமாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

"பாவம் பாத்துச் சொல்லலையா?"

"கொஞ்சம் பாவமும் பாத்தேன்."

உசாமி பல்லைக் கீழே வைத்தாள். "ஊர்ல எல்லாரும் நல்ல மனசு, நல்ல மனசுன்னு எழுதறாங்க. நானும் படிச்சேன். அவங்க சொல்றது தப்பில்ல. ஆனா என்னை வச்சு எல்லாரும் நல்லவங்க ஆகிடறாங்க, குராமொச்சி சான். எனக்குச் சின்ன வயசுலேர்ந்து அது ஒண்ணுதான் வேலை."

அவன் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். அவள் அதை வாங்கிக்கொண்டதாகவும் தெரியவில்லை, மறுத்ததாகவும் தெரியவில்லை. பல்லை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, மேடைக்கு வருகிறேன், ஆனால் பாலத்திலிருந்து தொடங்க வேண்டும், தடுப்பு இருக்கக் கூடாது என்றாள். குராமொச்சிக்கு உயிர் வந்தது. மனம் உடனே கணக்குப் போட்டது: இரண்டு பகடை, முப்பத்தாறு விதமாக விழலாம், அதில் ஆறு விதம்தான் சாவு. மறுபடி உருட்டினால் தப்பிப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

"எதுக்கு உருட்டணும்?" என்றாள் உசாமி. "பகடைதான் விழுந்தாச்சே. பதினொண்ணு. அதை நீங்க வாயால சொல்லணும். நான் கேக்கணும்."

தோகாஷி இதைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மிரெலுக்காகப் பத்திரிகை வாங்குகிற ஜனங்களை மெனக்கெட்டு வரவழைத்து, அவர்கள் கண் முன்னாலேயே அவளைக் கொல்வதா? புத்தகத்தின் அட்டை அச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு மாதம் சீந்த ஆளில்லாமல் கிடந்த ஆட்டம் இப்போதுதான் எழுந்து நிற்கிறது, அதன் கழுத்தையும் சேர்த்தா நெரிக்கப் போகிறாய் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆட்டத்தை அவரும் நேசித்தார். அந்தப் பெண் கேட்டபடி பாலத்திலேயே தொடங்கு, பாம்பு அடிக்கும் நேரத்தில் ஒரு மந்திரவாதி வந்து காப்பாற்றட்டும், எல்லோருக்கும் திருப்தி என்று வழியும் சொன்னார். குராமொச்சி பிடிகொடுக்காமல் வெளியே வந்தான். உசாமியின் கோபம் தீர வேண்டும். ஆட்டமும் பிழைக்க வேண்டும். இரண்டும் நடக்கிற மாதிரி ஒரு அட்டவணையை அவனால் போட முடியவில்லை.

அன்று அரங்கில் இடமில்லாமல் ஓரத்திலும் நின்றார்கள். சீருடைப் பெண்கள், அலுவலகக்காரர்கள், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. இசோபே அம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே நோட்டைத் திறந்து வைத்திருந்தார். உசாமி மேடைக்கு வந்ததும் எழுந்த கைதட்டலில் அவள் காது சிவந்தது. மிரெலின் தாளை குராமொச்சி அவள் முன் வைத்தான்.

அவன் பாலத்தைச் சொன்னான். கயிறு முறுக்குவதை, பலகை ஆடுவதை, பாம்பு தலை தூக்குவதைச் சொன்னான். குரல் ஒலிபெருக்கியில் நன்றாகத்தான் போனது. "மிரெல் நிக்கறா," என்றாள் உசாமி. அப்புறம் எல்லாம் அவன் வாயில்தான் இருந்தது. தோகாஷி மேடையின் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இப்போது நாலு என்று சொன்னால் இந்த அறுநூறு பேரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள் என்று குராமொச்சிக்குத் தெரிந்தது.

"பதினொண்ணு," என்றான். ஒலிபெருக்கிக்கே கேட்காத குரல்.

உசாமி முன்னால் குனிந்தாள். "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது, குராமொச்சி சான்."

"பதினொண்ணு," என்றான் மறுபடி, இப்போது எட்டாவது மாடி முழுக்கக் கேட்டது. "பாம்பு அடிச்சிருச்சு. மிரெல் சாகறா."

யாரோ ஒரு பெண் பின்வரிசையிலிருந்து நாலு என்றாள். இன்னொருத்தி நாலு என்றாள். பிறகு அரங்கம் முழுவதும் சேர்ந்துகொண்டது. அறுநூறு பேரும் நாலு, நாலு என்று கெஞ்சினார்கள், சிலர் அழுதுகொண்டே. அத்தனையும் அன்புதான். உசாமியின் முகம் வெளுத்துப்போனதை குராமொச்சி பார்த்தான். ஆறு வயதிலிருந்து அவளிடம் மெதுவாகப் பந்து போட்டவர்கள் எல்லோரும் இங்கே ஒன்றாகக் கூடிவிட்ட மாதிரி இருந்தது. தோகாஷி ஓரத்திலிருந்து, சொல்லிவிடு, சொல்லிவிடு என்று கையைக் காட்டினார்.

குராமொச்சி எழுந்து நின்றான். சத்தம் அடங்கும் வரை காத்திருந்தான்.

"உருட்டினது நான்," என்றான். "விழுந்தது பதினொண்ணு. அன்னிக்கு நான் பொய் சொன்னேன். அவங்க உண்மையாத்தான் நின்னாங்க."

அவன் உட்கார்ந்து, விதிப் புத்தகத்தைத் திறக்காமலே, சாகிற பாத்திரம் கடைசியாக ஒரு வாக்கியம் பேசலாம் என்று உசாமிக்கு நினைவுபடுத்தினான். குரல் உடைந்ததை அவன் மறைக்கவில்லை.

உசாமி தாளைப் பார்த்தாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்து, மிரெலின் குரலில், பாம்பிடம் சொன்னாள்:

"இப்பத்தான் ஒழுங்கா அடிச்சே."

யாரும் கை தட்டவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. ஆட்டம் பாதியில்தான் இருக்கிறது, நித்தாவும் ஹோசாகாவும் அக்கரையில் காத்திருக்கிறார்கள், புது ஆள் ஒருத்தியைச் சேர்க்க வேண்டும், ஒரு வெற்றுத் தாள் கொடுங்கள் என்று குராமொச்சியிடம் கேட்டாள்.